மெயில் பெட்டி நிரம்பிவிட்டது என்பது ஒரு பதிலா?

"மெயில் ஃபுல் ஆயிடுச்சு சார். பழசையெல்லாம் டெலிட் பண்ணிட்டோம். மறுபடி ஒருவாட்டி அனுப்பிடுங்க."

நம் வயதுக்காரர்களில் இந்தப் பதிலைக் கேட்காதவர்கள் குறைவு. ஓய்வூதிய விஷயமாகப் போனாலும் கேட்கிறோம், பட்டா விஷயமாகப் போனாலும் கேட்கிறோம், வங்கியிலும் கேட்கிறோம். சொல்கிறவர் முகத்தில் சங்கடம் ஏதும் இல்லை. மழை பெய்தது, ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்பதுபோலச் சொல்கிறார்.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலி. மனுதாரர் கொடுத்த காகிதத்தை, "பீரோவில் இடம் இல்லை, அதனால் கிழித்துப் போட்டுவிட்டேன்" என்று எங்களில் யாராவது சொல்லியிருந்தால் அன்று மாலையே மெமோ மேசைக்கு வந்திருக்கும். 17(ஏ)யா 17(பி)யா என்பது மட்டும்தான் கேள்வியாக இருந்திருக்கும். அதே காரியம் இன்று மாதாமாதம் நடக்கிறது. யாருக்கும் மெமோ இல்லை.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். எதை வைத்துக்கொள்வது, எதை எத்தனை வருஷம் கழித்து அழிப்பது என்று முடிவு செய்ய வேண்டியது அலுவலகம். அலுவலகம் அதைச் செய்யவில்லை. ஆகவே அந்த முடிவை இன்று கம்ப்யூட்டர் திரையில் வரும் ஒரு சிவப்பு எச்சரிக்கை வரி எடுக்கிறது. அதற்கான விலையை மனுதாரர் கொடுக்கிறார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆசிரமத்துக்குப் பின்பக்கம் எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். கணவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிறகு காலமானவர். குடும்ப ஓய்வூதியத்துக்காக இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஓய்வூதியக் கொடுப்பாணை, வங்கிப் புத்தகம், ஆதார் என்று மொத்தம் 11 பக்கம் அனுப்ப வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. இது ஒரு அலுவலகத்தின் கதை மட்டும் இல்லை. "நேரில் அலைய வேண்டாம்மா, மெயிலில் அனுப்புங்கள்" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். செங்கம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தோம். கடைப் பையன் எல்லாவற்றையும் கலரில், உயர்ந்த தரத்தில் எடுத்துக் கொடுத்தான். 30 எம்பிக்கு மேல் வந்தது. ஒரே மெயிலில் போகவில்லை. மூன்றாகப் பிரித்து அனுப்பினோம். போன் செய்து கேட்டதற்கு வந்துவிட்டது என்றார்கள்.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மாவோடு நானே நேரில் போனேன். மேசையில் இருந்த இளைஞர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"சார், அந்த மெயில் ஐடிக்கு இடம் கம்மி சார். மாசக் கடைசியில ஃபுல் ஆயிடும். பெரிய மெயிலா பார்த்து எடுத்துருவோம்."

"எடுக்கறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பார்ப்பீங்களா தம்பி?"

"சைஸ் பார்த்துத்தான் சார் எடுக்கறது. எடுக்கலேன்னா புது மெயில் எதுவும் உள்ள வராது. மேலிடத்து மெயில் திரும்பிப் போச்சுன்னா எங்களுக்குத்தான் திட்டு விழும்."

அந்தப் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று பேர் வேலையை ஒருவராகப் பார்க்கிறார். வெளியே நின்ற வரிசையையும் பார்த்தேன். ஆனால் அவர் சொன்னதில் உள்ள விபரீதத்தைக் கவனியுங்கள். சைஸ் பார்த்து அழிப்பது என்றால் முதலில் போவது எது? இறப்புச் சான்றின் ஸ்கேன், வாரிசுச் சான்றின் ஸ்கேன், நில வரைபடம், மருத்துவ அறிக்கை. அதாவது மனுவுக்கு ஆதாரமாக இருக்கும் காகிதங்கள். கடைசிவரை பத்திரமாக இருப்பது எது? "இப்பொருள் மீது உடன் அறிக்கை அனுப்பக் கோரப்படுகிறது" என்ற இரண்டு வரி நினைவூட்டு. அது ஐந்து கேபி கூட இருக்காது. பத்து வருஷமானாலும் அதை யாரும் தொடமாட்டார்கள். மேலிருந்து கீழே வரும் உத்தரவு எடை குறைவு. கீழிருந்து மேலே போகும் மனு, சாட்சியங்களோடு போவதால் எடை அதிகம். எடை பார்த்து அழிக்கும் அலுவலகத்தில் ஜனங்களின் காகிதம்தான் முதலில் குப்பைக்குப் போகும்.

இன்னொன்றும் நடந்தது. மறுபடி அனுப்பினால், மறுபடி அனுப்பிய தேதியைத்தான் விண்ணப்பத் தேதியாக எடுத்துக்கொள்வோம் என்றார்கள். நான்கு மாதம் யார் கணக்கில்? நல்லவேளையாக அனுப்பிய மெயில்கள் மூன்றும் தேதியோடு என் கணக்கில் இருந்தன. அதை அச்சடித்து வைத்த பிறகுதான் பழைய தேதியை ஒப்புக்கொண்டார்கள். அந்த அச்சுப் பிரதி இல்லாத அம்மாக்கள் எத்தனை பேர்?

இனி இந்த எம்பி கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். கம்ப்யூட்டர் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். பலசரக்குக் கடைக் கணக்குத்தான். ஒரு ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2,480க்கு 3,508, ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். கலர் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட். சுருக்குவதற்கு முன் ஒரு பக்கம் 26 எம்பி. அதே பக்கத்தை வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் புள்ளிக்கு ஒரு பிட்தான். ஒரு எம்பிக்குச் சற்று மேல். 24 மடங்கு வித்தியாசம். பிடிஎஃப் ஆக்கும்போது இரண்டுமே வெகுவாகச் சுருங்கும். ஆனாலும் கலர் பெரியதாகத்தான் இருக்கும். கறுப்பு மையில் அச்சான ஒரு சான்றிதழைக் கலரில் எடுப்பதால் நமக்கு லாபம் ஒன்றும் இல்லை, ரப்பர் ஸ்டாம்பின் ஊதா நிறம் தெரியும் என்பதைத் தவிர.

அடுத்தது, மெயில் என்பது எழுத்துகளை மட்டும் கொண்டுபோகப் பிறந்த வண்டி. படத்தையும் கோப்பையும் அதில் ஏற்ற 1992இல் நத்தானியேல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட் என்ற இரண்டு பேர் ஒரு முறை வகுத்தார்கள். மைம் என்று பெயர். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. கோப்பில் உள்ள ஒவ்வொரு மூன்று பைட்டையும் நான்கு எழுத்தாக மாற்றி ஏற்றுவார்கள். ஆகவே வழியில் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். 25 எம்பிதான் உச்சவரம்பு என்று இருக்கும் இடத்தில் நீங்கள் 20 எம்பி கோப்பை அனுப்பினால் அது 26 எம்பிக்கு மேல் ஆகித் திரும்பி வரும். "25க்குள்தானே அனுப்பினேன், ஏன் திரும்பியது?" என்று என்னிடம் கேட்டவர்களுக்கு இதுதான் விளக்கம்.

மூன்றாவது, அலுவலகங்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் சுமை. நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் 18 ஊராட்சி ஒன்றியங்கள், எண்ணூறுக்கு மேல் கிராம ஊராட்சிகள். ஒரு பேச்சுக்கு, 10 எம்பி உள்ள ஒரு சுற்றறிக்கையை அத்தனை ஊராட்சிக்கும் மெயிலில் இணைத்து அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரே கடிதம் எட்டு ஜிபிக்கு மேல் இடத்தை விழுங்கிவிடும். அந்தச் சுற்றறிக்கை எப்படி 10 எம்பி ஆனது? கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தார்கள். அப்போது அது சில பத்து கேபிதான். பிறகு அச்சடித்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, அதைக் கலரில் ஸ்கேன் செய்து மெயிலில் போட்டார்கள். பெற்றவர் அதை மறுபடி அச்சடித்து, அதன்மேல் குறிப்பெழுதி, மறுபடி ஸ்கேன் செய்து அடுத்த அலுவலகத்துக்கு அனுப்புகிறார். கம்ப்யூட்டரில் பிறந்த காகிதம் மூன்று முறை காகிதமாகி, மூன்று முறை கம்ப்யூட்டருக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் எழுத்து மங்குகிறது, எடை கூடுகிறது. இப்படித் தாங்களே பெட்டியை நிரப்பிவிட்டு, மாசக் கடைசியில் விதவையின் வாரிசுச் சான்றை எடுத்து வெளியே போடுவது நியாயமா?

இதற்கு வழக்கமாக மூன்று பதில்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் பதில், "பெட்டியைப் பெரிதாக்கினால் தீர்ந்தது. இப்போது ஸ்டோரேஜ் கொள்ளை மலிவு." என் பேரன் வயதுப் பிள்ளைகள் சொல்வது. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிமெயில் வந்தபோது ஆளுக்கு 1 ஜிபி தருகிறோம் என்றார்கள். தேதியைப் பார்த்துவிட்டுப் பலரும் ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தார்கள். அப்போது ஹாட்மெயிலில் இலவசமாகக் கிடைத்தது 2 எம்பி. இன்று கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. நம் போன் என்ன சொல்கிறது? ஸ்டோரேஜ் ஃபுல் என்கிறது. காலை வணக்கம் படங்களும் கிரிவல வீடியோக்களும் நிரம்பிக் கிடக்கின்றன. பெட்டி பெரிதாக ஆகப் போடுவதும் பெருகும். அவரவர் வீட்டில் அது அவரவர் தலைவலி. அலுவலகத்தில் அப்படி இல்லை. ஐம்பதாயிரம் மெயிலுக்கு நடுவே பதிவெண் இல்லாமல் கிடக்கும் ஒரு மனு, அழிந்துபோன மனுவுக்குச் சமம். இடம் இருந்தது, ஆனால் தேடிக் கிடைக்கவில்லை என்பதால் அந்த அம்மாவுக்கு ஓய்வூதியம் வந்துவிடுமா?

பெரிய பெட்டி பத்திரமான பெட்டியும் இல்லை. பக்கத்து நாட்டில் நடந்ததைப் பாருங்கள். இலங்கை அரசு தன் அலுவலகங்களின் மெயில்களையெல்லாம் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற ஒரே அமைப்பில் வைத்திருந்தது. 2023 ஆகஸ்டில் அதன்மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை. அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மெயில்கள் போய்விட்டன. ஏறத்தாழ 5,000 மெயில் முகவரிகள். அமைச்சரவை அலுவலகமும் அதில் சேர்த்தி. அந்தக் காலத்துக்குத் தனியே எடுத்து வைத்த பிரதி இல்லை. இணைப்பிலேயே இருந்த பிரதியையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். மென்பொருளும் பழைய பதிப்பு. மூன்று மாதத்துக்கு மேல் ஒரு நாட்டின் அரசாங்கக் கடிதங்கள் இல்லாமல் போயின. நம் ஊரில் சைஸ் பார்த்து அழிக்கிறார்கள், அங்கே திருடன் அழித்தான். இரண்டு இடத்திலும் குறை ஒன்றுதான்: தபால் வந்து விழும் பெட்டியையே பதிவறையாக வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது பதில், "அரசு மெயிலில் இடம் இல்லையென்றால் சொந்த ஜிமெயிலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்புங்கள்." இதை அதிகாரிகளே சொல்கிறார்கள். அலுவலக வேலைக்கு அரசு மெயிலைத்தான் பயன்படுத்த வேண்டும், தனியார் மெயில் கூடாது என்று மத்திய அரசு 2015இல் கொள்கையாகவே அறிவித்தது. அறிவிப்பு ஒருபக்கம் இருக்க, நடைமுறையைப் பாருங்கள். ஒரு உதவியாளரின் சொந்த போனுக்கு உங்கள் ஆதாரும் வங்கிப் புத்தகமும் போகின்றன. ஆறு மாதத்தில் அவருக்கு மாறுதல் வருகிறது. போன் அவரோடு ஆரணிக்கோ செய்யாறுக்கோ போய்விடுகிறது. புதிதாக வந்தவருக்கு உங்கள் மனு வந்ததே தெரியாது. டிரைவில் போட்டு இணைப்பு முகவரி அனுப்பினாலும் இதே கதைதான். அது யாருடைய சொந்தக் கணக்கு? அவர் அதை அழித்தால்? நாற்காலியில் இருப்பவர் மாறலாம், காகிதம் நாற்காலியோடு இருக்க வேண்டும் என்பது அலுவலக நடைமுறையின் அரிச்சுவடி.

மூன்றாவது பதில் நம் காதுக்கே கொஞ்சம் உறைக்கும். "அந்தக் காலத்துப் பதிவறை மட்டும் என்ன வாழ்ந்தது? கரையானும் ஒழுகுகிற கூரையும்தானே?" உண்மை. மறுக்க மாட்டேன். கட்டுகள் மக்கிப்போன பதிவறைகளைப் பார்த்திருக்கிறேன். கேட்ட கோப்பு கிடைக்காமல் ஜனங்கள் வருஷக்கணக்கில் அலைந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அங்கே ஒரு விதி இருந்தது. அதைத்தான் நான் கேட்கிறேன்.

எனக்கு அந்த விதியின் முதல் பாடம் தமிழில் வரவில்லை, பிரெஞ்சில் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். கடிதம் எழுதும் வகுப்பில் எங்கள் முசே ஒரு விஷயத்தில் கறாராக இருப்பார். கடிதத்தோடு வேறு காகிதம் ஏதாவது வைத்தால், அடியில் பி.ஜே. என்று போட்டு எத்தனை என்று எண்ணிக்கை எழுத வேண்டும். பியேஸ் ஜுவேந்த் என்பதன் சுருக்கம்; கூடவே சேர்த்த காகிதம் என்று பொருள். எண்ணிக்கை எழுதாவிட்டால், கடிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மார்க் போய்விடும். எழுதாத காகிதம் காணாமல் போனால் கேட்பதற்கு உரிமை இல்லை என்பார். பிறகு தமிழ்நாடு அரசுப் பணிக்கு வந்து, தமிழ்த் தேர்வும் எழுதித் தேறி, நாற்காலியில் உட்கார்ந்தபோது அதே பாடம் "இணைப்பு: 3" என்று கடிதத்தின் அடியில் இருந்தது. தபால் பிரிவில் கவரைப் பிரிக்கும்போதே இணைப்பை எண்ணுவார்கள். குறைந்தால் அங்கேயே குறிப்பு எழுதிவிடுவார்கள்.

உள்ளே வந்த காகிதத்துக்கு ஒரு எண் விழும். தன்பதிவேட்டில் ஏறும். வேலை முடிந்ததும் அதற்கு ஒரு முடிவு போட வேண்டும். வருவாய்த் துறையில் இருந்தவர்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மறக்காது: ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. ஓராண்டு வைத்திருக்க வேண்டியது, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் வழங்கும் முறை. மாவட்ட அலுவலக நடைமுறை நூலில் விரிவாக இருக்கிறது. எந்தக் காகிதம் எத்தனை வருஷம் இருக்க வேண்டும் என்பதை அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்தார்கள். எத்தனை பக்கம், எவ்வளவு கனம் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு பக்க உத்தரவு நிரந்தரமாக இருக்கலாம். நூறு பக்கக் கட்டு ஓராண்டில் போகலாம். அழிக்கும் காலம் வந்தால் பட்டியல் எடுத்து, பொறுப்பான ஒருவர் கையெழுத்திட்ட பிறகுதான் அழிப்பார்கள். அன்றும் காகிதம் தொலைந்தது. ஆனால் தொலைந்தது ஒரு குற்றமாக இருந்தது. பதில் சொல்ல ஒரு ஆள் இருந்தார். இன்று தொலைப்பதே நடைமுறை ஆகிவிட்டது.

இதைக் கிழவனின் பழம்பெருமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகம் 2013இல் அரசு மெயில்களுக்காக கேப்ஸ்டோன் என்று ஒரு முறையை அறிவித்தது. முக்கிய முடிவுகள் எடுக்கும் பதவியில் இருப்பவர்களின் மெயில் நிரந்தரமாக இருக்கும். மற்றவர்களுடையது குறிப்பிட்ட வருஷங்கள் கழித்துப் போகும். பார்த்தால் நம் நி.மு.வும் ப.மு.வும்தான், கோட்டு சூட்டு போட்டு வந்திருக்கின்றன. மெயில் யுகத்துக்கு அது பொருந்தாது என்று சொல்ல முடியாது.

சட்டமும் இல்லாமல் இல்லை. பொது ஆவணங்கள் சட்டம் 1993, மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்துவது. கம்ப்யூட்டரில் உருவானதும் ஆவணம் என்று அந்த ஆண்டிலேயே எழுதி வைத்தார்கள். விதிமுறைக்குப் புறம்பாக ஆவணத்தை அழித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நம் மாநில அலுவலகங்களையும் கட்டுப்படுத்துவது தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. அதன் 4(1)(ஏ) பிரிவு, ஒவ்வொரு பொது அதிகாரியமும் தன் ஆவணங்களை எல்லாம் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்கிறது. "மெயில் ஃபுல் ஆனால் தவிர" என்று அதில் எங்கும் இல்லை.

இடம் போதாத பிரச்சினை நம் முன்னோர்களுக்கும் இருந்தது. கோயில் சுவரை விடக் கண்டிப்பான ஸ்டோரேஜ் லிமிட் உண்டா? நம் அண்ணாமலையார் கோயில் சுவர்களில் தானமும் நிலமும் எல்லையும் எழுதி வைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அவற்றைத் தொகுத்து நூலாகவே கொண்டுவந்தது. சுவரை இடித்துக் கட்ட வேண்டி வந்தால் அந்த ஆவணங்கள் என்ன ஆகும்? திருமழபாடி வைத்தியநாதர் கோயிலில் இந்தக் கேள்வி வந்தது. கருவறையை இடித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜ சோழன் உத்தரவிட்டபோது, சுவரில் கை வைப்பதற்கு முன் கல்வெட்டுகளை எல்லாம் ஏட்டில் படியெடுத்துக்கொள்ளச் சொன்னான். அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன், உளியைத் தவிர வேறு கருவி இல்லாத காலத்தில் நடந்தது இது. பிரதி எடுக்காமல் அழிக்கக் கூடாது என்ற புத்தி கம்ப்யூட்டரோடு வந்ததில்லை.

சரி, குறை சொல்வதோடு நிறுத்தினால் வேலை தெரியாதவன் என்பீர்கள். என்ன செய்யலாம் என்று ஒரு பழைய எழுத்தனின் கோரிக்கைகள் இவை.

ஒன்று: மெயில் பெட்டி என்பது தபால் பை. பதிவறை வேறு. பொதுமக்களிடமிருந்து வரும் மெயிலுக்கு அன்றே எண் கொடுத்து, இணைப்புகளை எண்ணி, அலுவலகக் கோப்பில் சேர்த்துவிட வேண்டும். இ-ஆபீஸ் வந்த அலுவலகங்களில் இதற்கு வசதி இருக்கிறது. சேர்த்த பிறகு பெட்டியைத் தினமும் காலி செய்யட்டும், யாருக்கும் நஷ்டம் இல்லை.

இரண்டு: ஒரே கோப்பை நூறு பேருக்கு நூறு பிரதியாக அனுப்ப வேண்டாம். அலுவலகத்தின் சொந்த சர்வரில் ஒரு பிரதி வைத்து, மெயிலில் அதன் முகவரியை மட்டும் அனுப்பினால் போதும். தனியார் கணக்கில் வைக்கக் கூடாது.

மூன்று: கம்ப்யூட்டரில் பிறந்த கடிதத்தை அச்சடித்து ஸ்கேன் செய்யும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். மின் கையெழுத்துக்கு 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஸ்கேன் செய்தே ஆக வேண்டிய பழைய காகிதம் என்றால், கருவியைக் கறுப்பு வெள்ளை, 200 புள்ளி என்று ஒருமுறை மாற்றி வைத்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும். இதற்குப் புதுப் பணியிடமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

நான்கு: அழிப்பதற்கு ஓ.மு., மூ.மு. போலக் காலவரை வேண்டும். பட்டியல் வேண்டும். கண்காணிப்பாளர் கையெழுத்து வேண்டும். சைஸ் பார்த்து அழிப்பதைத் தடை செய்ய வேண்டும்.

ஐந்து, எனக்கு இதுதான் முக்கியம்: அலுவலகத்தின் கையால் மனு தொலைந்தால், தொலைந்தது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். மறுபடி வாங்கும் மனுவுக்கு முதல் தேதியையே போட வேண்டும். தேதி போனால் நிலுவை போகும், முன்னுரிமை போகும், சில நேரம் உரிமையே போகும். தொலைத்தது அலுவலகம், நஷ்டம் மனுதாரருக்கு என்பதை எந்தச் சட்டப் புத்தகத்தில் படித்தார்கள்?

பெட்டியை யார் நடத்துகிறார்கள் என்பதில் இந்தக் கேள்விகள் அடங்காது. மத்திய அரசு ஊழியர்களின் மெயில் நம் ஊர் நிறுவனமான ஸோஹோவின் தளத்துக்கு மாறியதாகச் செய்திகளில் படித்தோம். சந்தோஷம். ஆனால் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஸோஹோவும் சொல்லாது, கூகுளும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது அரசு.

அதுவரை நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் "கறுப்பு வெள்ளை, 200, பிடிஎஃப்" என்று வாய்விட்டுச் சொல்லி ஸ்கேன் செய்யுங்கள். கோப்புக்கு ஸ்கேன்001 என்று வைக்காமல் உங்கள் பெயரும் காகிதத்தின் பெயரும் வையுங்கள். மெயிலின் உடலில் "இணைப்பு: 5, மொத்தம் 11 பக்கம்" என்று எழுதி, ஒவ்வொன்றின் பெயரையும் வரிசையாகப் போடுங்கள். பெற்றதற்குப் பதில் மெயில் கேளுங்கள். போனில் "வந்துடுச்சு" என்பது ரசீது ஆகாது. அனுப்பியதை உங்கள் கணக்கிலிருந்து அழிக்காதீர்கள், அச்சடித்தும் ஒரு பிரதி வையுங்கள். உயிர்நாடியான விஷயம் என்றால் ஸ்பீட் போஸ்டிலும் ஒரு கட்டு அனுப்பிவிடுங்கள். கொஞ்சம் செலவானாலும் கையில் தேதி போட்ட ஒரு சீட்டு இருக்கும்.

உங்கள் பிள்ளைகளோ மருமக்களோ அரசு அலுவலகத்தில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க ஆபீஸ்ல மெயிலை அழிக்கறதுக்கு யார் கையெழுத்துப் போடறாங்க?" யாரும் இல்லை என்று பதில் வந்தால், அந்த அலுவலகத்தில் உங்கள் காகிதமும் பத்திரமாக இல்லை, என் காகிதமும் பத்திரமாக இல்லை. அதை அவர்களிடமே சொல்லுங்கள். நம் பிள்ளைகள்தானே, கேட்பார்கள்.